மார்ஃபினைப் பாதியில் நிறுத்த வைப்பது எது?

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்ததும் வீட்டார் வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். "இதுக்கு அடிமையாயிடுவாங்களா டாக்டர்?" என்பது ஒன்று. "அப்போ இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?" என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமான பயம்தான். ஆனால் மாத்திரை தொடங்கிப் பத்து நாளில் அதை எடுத்து அலமாரியில் ஒதுக்கி வைக்கச் செய்வது பெரும்பாலும் இந்தப் பயங்கள் அல்ல. நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை, சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது, எந்நேரமும் தூங்கி வழிகிறார் என்பவைதான். இப்படியெல்லாம் வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். "இந்த மருந்து அப்பாவுக்கு ஒத்துக்கல" என்று வீட்டில் முடிவெடுத்து நிறுத்திவிடுவார்கள். இரண்டே நாளில் பழைய வலி திரும்பிவிடும்.

மார்ஃபின், டிரமடால், ஃபென்டனில், டாபென்டடால் என்று ஓபியாய்டு வகை வலி மருந்துகள் பல. இவற்றின் பக்கவிளைவுகளை ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்ப்பதுதான் சிக்கலே. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கால அளவு உண்டு. சில முதல் வாரத்தில் வந்து தானாகவே போய்விடும். ஒன்று மட்டும் மருந்து இருக்கும்வரை கூடவே இருக்கும். இன்னும் சில, வந்தால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டியவை. எது எந்த ரகம் என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே சமாளிக்கலாம்.

இந்த அறிவு நம் வீடுகளுக்கு வந்து சேராததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. மார்ஃபின் எடுப்பது அபினிலிருந்துதான். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் மூன்றிலும் அரசு உரிமத்தோடு அபின் பயிராகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அதற்கென்று அரசு ஆலைகள் உண்டு. உலகத்துக்கே அபின் விற்ற நாட்டில், புற்றுநோயாளி ஒருவருக்குப் பத்து மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. காரணம் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். மார்ஃபினை வாங்கி இருப்பு வைக்க ஒரு மருத்துவமனை பல துறைகளிடம் தனித்தனியாக உரிமம் வாங்க வேண்டியிருந்தது. தவறினால் கடுமையான சிறைத்தண்டனை. எதற்கு வம்பு என்று மருந்துக் கடைகள் ஒதுங்கின. மார்ஃபின் மாத்திரையை எழுதிப் பழகாமலேயே ஒரு தலைமுறை மருத்துவர்கள் படித்து வெளியே வந்தார்கள். எழுதிப் பழகாத மருந்தின் பக்கவிளைவைக் கையாளும் பழக்கம் மட்டும் எங்கிருந்து வரும்?

1993-இல் கோழிக்கோட்டில் வலி நிவாரண மருத்துவமனை ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரைப் போன்ற பலரும் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அங்கீகரித்த மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்திருக்கலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. மருந்து வீடு வரைக்கும் வர ஆரம்பித்திருக்கிறது. அதைத் தொடர்ந்து சாப்பிட வைக்கும் அறிவும் வர வேண்டும்.

முதலில் மலச்சிக்கல். மற்ற எதைவிடவும் இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்; நாம் மிகக் குறைவாகப் பேசுவதும் இதைப் பற்றித்தான்.

ஓபியாய்டு மருந்துகள் மூளையிலும் தண்டுவடத்திலும் எந்த வகை ஏற்பிகளில் போய் ஒட்டி வலியைக் குறைக்கின்றனவோ, அதே வகை ஏற்பிகள் குடலின் நரம்புப் பின்னலிலும் ஏராளமாக இருக்கின்றன. மருந்து அங்கேயும் ஒட்டிக்கொள்கிறது. உணவைக் கீழே தள்ளும் குடலின் அசைவு மந்தமாகிறது. குடலில் சுரக்கும் நீர் குறைகிறது. மலம் அதிக நேரம் தங்குவதால் அதிலிருக்கும் தண்ணீரும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஆசனவாய்த் தசையும் இறுகிவிடுகிறது. மூளை இந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அதனால்தான் குமட்டலும் தூக்கமும் சில நாளில் குறைகின்றன. குடல் அப்படிப் பழகுவதே இல்லை. மாத்திரை ஆறு மாதம் போனால் மலச்சிக்கலும் ஆறு மாதம் இருக்கும்.

ஆகவே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இங்கே கூடாது. முதல் மார்ஃபின் மாத்திரை உள்ளே போகும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மார்ஃபின் எழுதும் கை மலமிளக்கியையும் எழுத வேண்டும் என்பது இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம். உங்கள் சீட்டில் மார்ஃபினோ டிரமடாலோ இருந்து மலமிளக்கி இல்லையென்றால், கூச்சப்படாமல் கேளுங்கள். வயிற்றுப்போக்கோ வேறு காரணமோ இருந்து வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருந்தால் அதையும் சொல்வார்கள்.

நம் ஊரில் மலச்சிக்கல் என்றதும் கைவைத்தியம் தொடங்கிவிடும். சூடு பிடித்துக்கொண்டது என்று இளநீர், அப்புறம் வாழைப்பழம், கீரை, இரவில் இசப்கோல். சாதாரண மலச்சிக்கலுக்கு இவை நல்லவைதான். ஓபியாய்டு மலச்சிக்கலுக்கு இவை மட்டும் போதாது. இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி உப்பி மலத்தின் அளவைக் கூட்டும். அதைத் தள்ள வேண்டிய குடலோ தூங்கிக்கொண்டிருக்கிறது. அரை டம்ளர் தண்ணீர் குடிக்கவே சிரமப்படும் நோயாளிக்கு இது உள்ளேயே அடைத்துக்கொண்டு நிலைமையை மோசமாக்கலாம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இசப்கோல் கொடுக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே தேவைப்படுவது குடலைத் தூண்டும் மருந்து. பிசகோடில் ஒன்று, சென்னா இன்னொன்று. சென்னா என்பது வேறொன்றுமில்லை, நம் நிலாவாரைதான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வானம் பார்த்த நிலங்களில் விளைந்து, திருநெல்வேலிச் சென்னா என்ற பெயரிலேயே உலகம் முழுக்கப் போகிற அதே இலை. லண்டனில் மார்ஃபின் சாப்பிடுகிறவருக்கும் சென்னா மாத்திரை கொடுக்கிறார்கள். பொடியாக வாங்கினால் ஒவ்வொரு முறையும் வீரியம் மாறும் என்பதால் அளவு குறித்த மாத்திரையே நல்லது. இரவு போட்டால் காலையில் வேலை செய்யும். மலம் கல்லாக இருந்தால் கூடவே இளக்கும் மருந்தும் வேண்டும்: லாக்டுலோஸ் சிரப், அல்லது தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பாலிஎதிலீன் கிளைகால் பொடி. லாக்டுலோஸ் திகட்டும் அளவுக்கு இனிப்பு, சிலருக்கு வயிற்றை உப்பச் செய்யும், பலன் தெரிய இரண்டு நாள்கூட ஆகும். இன்று குடித்துவிட்டு நாளைக் காலையில் பலனில்லை என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. மார்ஃபின் அளவைக் கூட்டும்போது மலமிளக்கியையும் கூட்ட வேண்டியிருக்கும்.

"சாப்பிடுறதே இல்ல, அப்புறம் எப்படி வெளிக்குப் போகும்?" என்பதை எல்லா வீட்டிலும் கேட்கலாம். மலம் என்பது சாப்பாட்டின் மிச்சம் மட்டும் அல்ல. குடலின் உள்சுவரிலிருந்து உதிரும் செல்களும், குடலில் வாழும் கிருமிகளும் அதில் கணிசமான பங்கு. கஞ்சி மட்டுமே குடிப்பவருக்கும் இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது முக்காமல் போக வேண்டும். மூன்று நாள் தாண்டிவிட்டால் காத்திருக்காதீர்கள். செவிலியரோ மருத்துவரோ ஆசனவாய்ப் பரிசோதனை செய்து, ஆசனவாய்க்குள் வைக்கும் மாத்திரையா எனிமாவா என்று முடிவு செய்வார்கள்.

ஒரு நிலைமையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், பலரை ஏமாற்றிவிடுகிறது. அம்மாவுக்கு ஐந்து நாளாக மோஷன் போகவில்லை. ஆறாம் நாள் திடீரென்று துணியெல்லாம் நனையும்படி தண்ணீராகப் போகிறது. கொஞ்சம் கொஞ்சமாக, அவருக்கே தெரியாமல் கசிகிறது. வீட்டில் என்ன செய்வார்கள்? பேதி பிடித்துவிட்டது என்று மலமிளக்கியை நிறுத்துவார்கள். கடையில் பேதி நிற்க மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். உண்மையில் உள்ளே மலம் கல்லாக அடைத்திருக்கிறது. மேலே இருக்கும் நீர்த்த மலம் அந்தக் கல்லின் ஓரமாக வழிந்து வருகிறது, அவ்வளவுதான். பேதி மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். நீண்ட மலச்சிக்கலுக்குப் பின் வரும் தண்ணீர்ப் பேதி என்றால் முதலில் அடைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். கையுறை போட்ட ஒரு விரல் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது.

அதே சமயம் வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், வயிறு முறுக்கிப் பிடித்து வாந்தியும் எடுத்தால் அது குடலடைப்பாக இருக்கலாம். வயிற்றுப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் இருப்பவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். அப்போது வீட்டில் மலமிளக்கி கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குமட்டலுக்கு வருவோம். வாய்வழி மார்ஃபின் தொடங்குகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. மூளையின் அடிப்பகுதியில், ரத்தத்தில் நச்சு ஏதும் கலந்திருக்கிறதா என்று கண்காணிக்கும் ஒரு பகுதி இருக்கிறது. புதிதாக வந்த மருந்தை அது நச்சு என்று எடுத்துக்கொண்டு வாந்தி உணர்வைக் கிளப்புகிறது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு வாரத்தைக் கடத்தத்தான் வாந்தி மருந்து. பல மருத்துவர்கள் மெட்டோகுளோபிரமைடு தருவார்கள், அல்லது மிகச் சிறிய அளவில் ஹாலோபெரிடால். ஹாலோபெரிடாலை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "மனநோய் மாத்திரையை எதற்குக் கொடுத்திருக்கிறார்கள்?" என்று பதறுகிறவர்கள் உண்டு. மனநோய்க்குக் கொடுக்கும் அளவில் ஒரு சிறு பங்குதான் இங்கே. மூளையின் அந்தக் கண்காணிப்புப் பகுதியை அமைதிப்படுத்துவது அதன் வேலை. நம் ஊரில் வாந்தி என்றாலே கை தானாகப் போகும் ஒன்டான்செட்ரான் இங்கே அவ்வளவு பொருத்தமில்லை. அதுவே மலச்சிக்கலை உண்டாக்கும். பத்து நாளுக்குப் பிறகும் குமட்டல் நிற்கவில்லையென்றால் மார்ஃபினை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். தேங்கிய மலம், ரத்தத்தில் கூடிய கால்சியம், சிறுநீரகக் கோளாறு என்று வேறு காரணம் இருக்கலாம்.

தூக்கம் இன்னும் சீக்கிரம் போய்விடும், மூன்று முதல் ஐந்து நாளில். முதல் இரண்டு நாள் அப்பா விடாமல் தூங்குவதைப் பார்த்து வீடே பயந்துபோகும். வாரக்கணக்கில் வலியில் கண் மூடாமல் கிடந்த மனிதர் அவர் என்பதை யோசிக்க வேண்டும். பாக்கியிருந்த தூக்கமும் அதில் சேர்ந்திருக்கிறது. கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, ஆளை அடையாளம் தெரிகிறதா, இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தூங்குகிறாரா? அப்படியென்றால் பொதுவாகப் பயப்பட வேண்டியதில்லை. இந்த நாட்களிலும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும், வண்டி ஓட்டக் கூடாது. ராத்திரி கழிப்பறைக்குப் போகும்போது யாராவது கைப்பிடிக்க வேண்டும்.

எல்லோரும் உள்ளுக்குள் பயப்படுவது மூச்சு நின்றுவிடுமோ என்றுதான். அளவுக்கு மீறினால் ஓபியாய்டு மூச்சை அடக்கும், உண்மை. ஆனால் சிறிய அளவில் தொடங்கி, வலிக்கு ஏற்றபடி படிப்படியாகக் கூட்டினால் இது அரிது. அது திடீரென்று வந்து விழுவதும் குறைவு. பெரும்பாலும் முன்னால் கனத்த தூக்கம் வரும். தட்டி எழுப்பினாலும் எழாத நிலை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுப் பத்துக்கும் கீழே இறங்குவது, குறட்டை போன்ற இழுப்பு, உதடு நீலம் பாரிப்பது, இவை அவசர அறிகுறிகள். உடனே 108. மருத்துவமனையில் ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்சோன் என்ற மருந்து இருக்கிறது. கண்மணி சுருங்கியிருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம், சரியான அளவில் சாப்பிடுகிறவருக்கும் அது சுருங்கித்தான் இருக்கும்.

ஆபத்து பெரும்பாலும் மார்ஃபின் தனியாக இருக்கும்போது அல்ல, கூட்டு சேரும்போது வருகிறது. தூக்கம் வரவில்லை என்று பழைய சீட்டை வைத்து வாங்கிய அல்பிரசோலம், நரம்பு வலிக்கான பிரிகாபலின், அப்புறம் மது. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஓபியாய்டையும் அல்பிரசோலம் வகை மருந்துகளையும் சேர்த்துச் சாப்பிடுவது பற்றி 2016-இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது. பிரிகாபலின் வகை மூச்சை அடக்கலாம் என்று 2019-இல் தனியாக எச்சரித்தது. மருத்துவர் தெரிந்தே இரண்டையும் சேர்த்து எழுதுவது வேறு, அப்போது அளவைப் பார்த்துத் தருவார். அவருக்குத் தெரியாமல் சேர்வதுதான் வினை. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் அவர் மேசையில் கொட்டிவிடுங்கள்.

சிறுநீரகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்ஃபின் கல்லீரலில் உடைந்து, உடைந்த பொருட்கள் சிறுநீர் வழியாக வெளியேறுகின்றன. வயதானவர், வெயில் காலம், இரண்டு நாள் வாந்தி, தண்ணீரும் இறங்கவில்லை. சிறுநீர் குறைந்ததும் அந்தப் பொருட்கள் உடம்பில் தேங்கும். அதே அளவு மாத்திரைதான், நேற்றுவரை ஒத்துக்கொண்டதுதான், இன்று விஷமாகிறது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். சுவரில் எறும்பு ஊர்கிறது, மூலையில் யாரோ நிற்கிறார் என்பார். குழம்பிப்போய்ப் புரண்டு முனகுவார், தொட்டாலே வலிக்கிறது என்பார். வலி கூடிவிட்டது என்று நினைத்து இன்னொரு மாத்திரை கொடுத்தால் நிலைமை கைமீறும். பேய் பிடித்துவிட்டது, கடைசி நேரம் வந்துவிட்டது என்று வீட்டில் பேச்சு கிளம்புவதும் இப்போதுதான். அன்றே மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், நீர்ச்சத்து ஏற்றச் சொல்வார், அல்லது ஃபென்டனில் போல் சிறுநீரகத்தை அதிகம் நம்பியிராத மருந்துக்கு மாற்றுவார். பலர் இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடுகிறார்கள்.

மார்ஃபின் வேண்டாம் என்று மறுக்கும் பலர் டைக்ளோஃபினாக்கை மாதக்கணக்கில் கடையில் தாமாகவே வாங்கிச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இரைப்பையில் ரத்தம் கசியச் செய்வதும் சிறுநீரகத்தைக் கெடுப்பதும் அந்த மாத்திரைதான். சரியான அளவில் தரும் மார்ஃபின் இரைப்பையைப் புண்ணாக்குவதில்லை.

டிரமடாலும் லேசான மருந்து என்று பெயர் வாங்கிவிட்டது. 2018-இல் இந்திய அரசு அதையும் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. தலைசுற்றலும் வாந்தியும் பலருக்கு இதில் பலமாகவே இருக்கும். நாளுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் வலிப்பு வரும் அபாயம் கூடும். முன்பே வலிப்பு உள்ளவர்களும், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தோலில் ஃபென்டனில் மருந்துப் பட்டை ஒட்டியிருப்பவர்களுக்கு வெப்பம்தான் எதிரி. பட்டை மேல் வெந்நீர்ப் பையோ சூட்டுப் பட்டையோ வைத்தால் மருந்து வேகமாக உடம்பில் இறங்கும். கடும் காய்ச்சலிலும் அப்படியே. மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றும்போது பழையதைக் கழற்றினீர்களா என்று பாருங்கள், முதுகில் ஒட்டியது மறந்துபோகும். கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்த வேண்டும்.

வாய் வறட்சிக்கு அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர், உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பது போதும். அரிப்பு வாய்வழி மருந்தில் குறைவு, முதுகில் ஊசியாகப் போடும்போதுதான் அதிகம். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் புரோஸ்டேட்டைப் பார்ப்பதோடு மலம் தேங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடிமையாவது பற்றி. உடம்பு பழகிப்போவது வேறு, அடிமையாவது வேறு. சில வாரம் மார்ஃபின் சாப்பிட்ட யாருக்கும் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பதற்றம் வரும். உடம்பு பழகியதன் அடையாளம் அது. கேடு வருகிறது என்று தெரிந்தும் மருந்தைத் தேடி அலைவதுதான் அடிமைத்தனம். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடுகிறவர்களிடம் இது அரிது. முன்பு குடிப்பழக்கமோ போதைப் பழக்கமோ இருந்தவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். நாள்பட்ட முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் கதை வேறு. அங்கே நீண்ட காலத்தில் பலன் குறைந்து பக்கவிளைவுதான் சேர்கிறது, பாலியல் ஹார்மோன்கூட இறங்குகிறது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் அப்படிப்பட்ட வலிகளுக்கு வகைதொகையில்லாமல் எழுதித் தள்ளியதன் விளைவை அந்த நாடு இன்னும் அனுபவிக்கிறது. அதைக் காட்டி, எலும்பில் புற்று பரவித் துடிக்கும் ஒருவருக்கு மார்ஃபினை மறுப்பது அநியாயம்.

நல்லது நடக்கும்போதும் ஒரு பக்கவிளைவு உண்டு. எலும்புக்குக் கதிர்வீச்சு கொடுத்து இரண்டு மூன்று வாரத்தில் வலி நன்றாகக் குறையும். மார்ஃபின் மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கும். வலி இருந்தபோது சரியாக இருந்த அளவு இப்போது மிகை. அவர் மறுபடி தூங்கி வழிய ஆரம்பிப்பார். நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் எண்ணிவிடுகிறார்கள். வலி எப்படி இருக்கிறது என்று அவரையே கேளுங்கள். இல்லை என்றாலும் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தச் சொல்வார். மலமிளக்கியை அதற்குப் பிறகு நிறுத்தலாம்.